நேரில் மலைக்க வைக்கும் சிலையும் மலையும் படத்தில் மட்டும் பொம்மை போலத் தெரிவது ஏன்? அந்தப் பிரம்மாண்டத்தைப் படத்தில் கொண்டுவருவது எப்படி?

இந்தக் கேள்வியோடு கன்னியாகுமரியில் இரண்டு நாள் திண்டாடியவன் நான். அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

அங்கே கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை, பீடம் 38 அடி, அதன்மேல் வள்ளுவர் 95 அடி, ஆக 133 அடி. முதல் நாள் மாலை கரையில் என் மனைவியை நிற்க வைத்து, பின்னால் சிலை தெரியும்படி ஒரு படம் எடுத்தேன். விடுதிக்கு வந்து பார்த்தால், பீடத்தையும் சேர்த்தே வள்ளுவர் அவளுடைய தலையும் கழுத்தும் சேர்ந்த அளவுக்குத்தான் இருந்தார். "என்னை எடுத்தீர்களா, அவரை எடுத்தீர்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அவள் என்னிடமிருந்து மூன்று மீட்டரில் நின்றாள், சிலையோ சுமார் 400 மீட்டருக்கு அப்பால். உள்ளங்கையில் சிலையை ஏந்தி நிற்பது போலச் சுற்றுலா வந்தவர்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்களே, அதைத்தான் நான் தெரியாமல் செய்திருந்தேன்.

படத்தில் ஓர் ஆளை நிறுத்தினால் அளவு புரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. உங்கள் பக்கத்தில் அல்ல, சிலையின் பக்கத்தில்.

மறுநாள் படகில் பாறைக்குப் போனேன். பீடத்தின் அடியில் நின்று, போனில் 0.5 என்று இருக்கிற அகலக் கோண லென்ஸால் அண்ணாந்து எடுத்தேன். முழுச் சிலையும் படத்துக்குள் வந்துவிட்டது, ஆனால் பீடம் பெருத்து, முகம் கட்டைவிரல் அளவுக்குச் சிறுத்துப்போயிற்று. அகலக் கோண லென்ஸ் பக்கத்தில் இருப்பதை ஊதிக் காட்டும், தள்ளி இருப்பதை இன்னும் தள்ளிவிடும். (வீட்டு விற்பனை விளம்பரங்களில் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் போலத் தெரிவது இதனால்தான்.) மலையை இந்த லென்ஸால் எடுத்தால் அது மேடாகிவிடும்.

மாலையில் கரைக்குத் திரும்பி, நண்பரிடம் இரவல் வாங்கி வந்திருந்த, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 300 மி.மீ. லென்ஸை மாட்டினேன். ஃபுல் ஃபிரேம் கேமராவை (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) நெடுக்காகப் பிடித்தால், அந்தத் தூரத்திலிருந்து சிலை படத்தின் உயரத்தில் ஆறில் ஐந்து பங்கை நிரப்புகிறது. பீடத்தின் உள்ளே படியேறி வள்ளுவரின் பாதம் வரை போகலாம் என்பதால் அங்கே எப்போதும் யாராவது நிற்கிறார்கள். 400 மீட்டரிலிருந்து பார்க்கையில் அவர்களும் சிலையும் கிட்டத்தட்ட ஒரே தூரம், ஆகவே லென்ஸ் ஏமாற்ற வழியில்லை. ஐந்தரை அடி ஆள், 133 அடிக் கல். இருபத்து நான்கில் ஒரு பங்கு. போன் திரையில் பார்த்தால் உண்மையிலேயே எள்ளளவுதான்.

அந்த எள் கண்ணில் பட வேண்டும், அதுதான் அடுத்த சிக்கல். சாம்பல் நிறக் கல்லின் முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் தனியாக ஓரத்துக்கு வந்து கடலைப் பார்த்து நின்றார். நான்கு படம் எடுத்தேன், ஒன்று தேறியது. அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் சிலையைப் பார்க்கிறார்கள், பிறகு அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறார்கள், பிறகு மறுபடி சிலைக்குப் போகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த இரண்டாம் பார்வை.

ஆள் கிடைக்காத இடத்தில் கதவு, படிக்கட்டு, பஸ், மின்கம்பம் என்று நாம் நாள்தோறும் பார்த்து அளவு பழகிய எதுவும் உதவும். பாறையும் அலையும் மேகமும் உதவாது. அவை எந்த அளவிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், கூழாங்கல்லைக் கிட்டத்தில் எடுத்தாலும் குன்று போலத் தெரியும். அகழாய்வுக் குழிப் படங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அளவுகோலை வைப்பது இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான். கடலில் வள்ளம் போனால் அது சிலைக்குப் பின்னால் போகிறதா என்று பாருங்கள். முன்னால் வந்தால் சிலை சிறுத்துவிடும்.

இப்போது வேலை இன்னும் எளிது. 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள், ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

சிலைக்குப் பின்னால் பெரிய நிலவு வேண்டும் என்றாலும் இதே கணக்குதான். நிலவு வானத்தில் பிடிக்கும் இடம் அரை டிகிரி. நாம் பின்வாங்கினால் அது மாறாது, சிலைதான் சிறுக்கும். கரையிலிருந்து பார்த்தால் சிலையின் உயரத்தில் அது பதினொன்றில் ஒரு பங்குகூட இராது, நெற்றிப் பொட்டு போல இருக்கும். இரண்டும் சம உயரமாகத் தெரிய, சிலையிலிருந்து ஏறக்குறைய 4.6 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும். அவ்வளவு தொலைவில், தென்னை மறைக்காத மொட்டை மாடி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.