வாட்ச் காட்டும் கலோரியும் கெண்டைக்கால் வலியும்

மண்டபம் கடற்கரையில் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பவருக்கு வாட்ச் 120 கலோரி காட்டுகிறது, மறுநாள் கெண்டைக்கால் வலிக்கிறது. வலித்தால்தான் கலோரி எரிந்ததா என்பது கேள்வி.

வாட்ச் காட்டுவது அளந்த எண் இல்லை. எடை, நேரம், இதயத்துடிப்பு ஆகியவற்றை வைத்துப் போட்ட மதிப்பீடு. படகு எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டு டீசல் செலவைச் சொல்வது போலத்தான். எதிர்காற்றா, நீரோட்டமா, வலை இழுத்ததா? அந்தக் கணக்குக்கு முழுதாகத் தெரியாது. 60 கிலோ எடையுள்ளவர் தார்ச்சாலையில் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி, சரி. அதே வேகத்தில் உலர்ந்த மணலில் நடந்தால் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகலாம். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் புதைகிறது. சக்தியில் ஒரு பங்கு மணலைத் தள்ளுவதிலேயே போய்விடுகிறது.

வலி வேறு கதை. தசை சுமை தாங்கியபடியே நீளும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதனால் வரும் வலி 1 முதல் 3 நாளுக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக அடங்கும். பழகப் பழகக் குறையும். கரைவலையை முதல்முறை இழுத்தவருக்கு மறுநாள் தோளைத் தூக்க முடியாது; தினமும் இழுப்பவர் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். இருவரும் செய்த வேலை ஒன்றுதான்.

லாக்டிக் அமிலம் தேங்குவதால் மறுநாள் வலிக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த அமிலம் நடையை நிறுத்திய சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.