ஈறு நோய்க்கு நீலச் சாயமும் லேசர் ஒளியும்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 52. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பலமுறை சாப்பிட்டும், நிறுத்திய சில வாரங்களில் தொல்லை திரும்பிவிடுகிறது. கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றும், நீலச் சாயம் வைத்து லேசர் ஒளி பாய்ச்சினால் அழிந்துவிடும் என்றும் ஒரு பல் மருத்துவர் சொல்கிறார். கட்டணம் அதிகம். செய்துகொள்ளலாமா? மஞ்சளுக்கும் இந்த ஆற்றல் உண்டு என்கிறார்களே, வீட்டிலேயே முயலலாமா?

பதில்: அவர் குறிப்பிட்ட சிகிச்சை உண்மையானதுதான். ஆனால் ஈறுக்கு அடியில், பல்லின் வேர்ப்பரப்பில் படிந்த காறையைச் சுரண்டி அகற்றும் ஆழ்ந்த சுத்திகரிப்பு உங்களுக்கு நடந்ததா என்பது கடிதத்தில் இல்லை. நடக்கவில்லையென்றால், லேசரைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியதே இல்லை.

மாத்திரை பலிக்காமல் போனதற்குக் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்றதுதான் காரணம் என்று உடனே முடிவு செய்துவிட முடியாது. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற ஈறு நோய்க் கிருமிகள் தனித்தனியே மிதப்பதில்லை. தாங்களே சுரக்கும் பிசுபிசுப்பான படலத்துக்குள் பல இனங்களாகக் கூடி வேரில் ஒட்டி வாழ்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும்வரை, மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலேயே, வழக்கமான மருந்தளவை அவை தாக்குப்பிடித்துவிடும். படலத்தைக் கலைக்காமல் மாத்திரையை மட்டும் திரும்பத் திரும்பச் சாப்பிடுவது, உண்மையான எதிர்ப்பாற்றல் உருவாகவே வழிசெய்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

ஒளிச் சிகிச்சையின் அடிப்படை பழையது. 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இருந்த ஒருசெல் உயிரிகள் வெளிச்சம் பட்டபோது விரைவில் மடிவதைக் கண்டார். இன்று ஈறில் பெரும்பாலும் மெத்திலீன் நீலமோ டொலுயிடின் நீலமோ பயன்படுகிறது. சாயத்தைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பைக்குள் செலுத்திச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, மெல்லிய ஒளியிழை வழியாகச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். மெத்திலீன் நீலத்துக்கு அதன் அலைநீளம் ஏறக்குறைய 660 நானோமீட்டர். ஒளியை உறிஞ்சிய சாயம் அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்த, தீவிரமாக வினைபுரியும் சிங்லெட் ஆக்சிஜன் உண்டாகிறது. அது கிருமியின் சவ்வு, புரதம், மரபுப்பொருள் எனப் பல இடங்களை ஒரே சமயத்தில் சிதைக்கிறது. ஆன்டிபயாடிக்கைப் போல ஒற்றை இலக்கை நம்பியிருப்பதில்லை. ஆகவே மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் அது கொல்லும். அதற்கு எதிர்ப்பு உருவாவதும் எளிதன்று.

ஆய்வகத் தட்டில் காண்பது வாயில் அப்படியே நடப்பதில்லை. ஆழமான பைக்குள் ஆக்சிஜன் குறைவு. கசியும் இரத்தமும் புரதங்களும் சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. காறையின் மறைவுக்கு ஒளி எட்டுவதில்லை. ஐரோப்பிய ஈறு நோயியல் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சுத்திகரிப்போடு கூடுதலாக 660–670 அல்லது 800–900 நானோமீட்டர் ஒளியில் இச்சிகிச்சையைச் செய்ய வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வழக்கமாகத் தருவதையும் அது ஏற்கவில்லை. சுத்திகரிப்புக்குப் பதிலாக லேசர் என்று யாரேனும் சொன்னால், என் கருத்தில், வேறொரு மருத்துவரிடம் கேட்பதே நல்லது.

மஞ்சளிலுள்ள குர்குமின் நீல ஒளியில் இவ்வாறு செயல்படுவது ஆய்வகங்களில் காட்டப்பட்டதே. ஆனால் அது நீரில் எளிதில் கரையாது. ஆய்வுகளில் அதைத் தனியாகத் தயாரித்து, அளந்த ஒளியில் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள்தூளை ஈறில் தடவி வெயிலில் நிற்பதால் பைக்குள் எதுவும் நிகழாது.

ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரிடம் சென்று, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பையின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் தெரியும். ஆழ்ந்த சுத்திகரிப்புக்குப் பின் சுமார் மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் 6 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பைகள் எஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். சர்க்கரைக் கட்டுப்பாடு இதில் பாதி வேலை: ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், ஏறிய சர்க்கரை ஈறைக் கெடுக்கும். முறையான ஈறு சிகிச்சைக்குப் பின் சில மாதங்களில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. புகையிலைப் பழக்கம் இருந்தால் எந்தச் சிகிச்சையும் முழுப் பலன் தராது.

இவை எல்லாம் முடிந்த பின்னும் ஓரிரு பைகளில் சீழ் நிற்காமல், மருத்துவர் ஒளிச் சிகிச்சையைக் கூடுதலாக முயல விரும்பினால், மறுக்க வேண்டியதில்லை. அப்போது உங்களுக்கு ஜி6பிடி நொதிக் குறைபாடோ (சில மருந்துகளால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் பரம்பரைக் கோளாறு) சாய ஒவ்வாமையோ இருந்தால், அல்லது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டால், முன்கூட்டியே தெரிவியுங்கள். ஒளி பாய்ச்சும்போது காப்புக் கண்ணாடி அணியுங்கள். ஈறில் நீலநிறம் சிறிது நேரம் தங்கியிருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம்.