வடிவேலுவைக் கவிழ்த்தது எது?

கேள்வி: டி.வி.யைப் போட்டால் காலை முதல் ராத்திரி வரை வடிவேலுதான். தியேட்டரில் அவர் புதுப்படம் வந்தால் ஆளில்லை. 2011 தேர்தலில், தோற்ற தி.மு.க.வுக்காகப் பிரசார மேடை ஏறியதோடு அவர் கதை முடிந்தது என்கிறேன் நான். ஜனங்களுக்குச் சலித்துவிட்டது என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தவறு. பட்டிமன்றம் வளர்ந்த காரைக்குடிப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள் என்பதற்காக, இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று மழுப்ப மாட்டேன்.

சலிப்பு என்பதை முதலில் தள்ளிவிடலாம். 'ஃப்ரெண்ட்ஸ்' வந்தது 2001இல். அதில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்த சுத்தியலுக்காக 2019இல் ட்விட்டரே பிரார்த்தனை செய்தது. சலித்துப்போன முகத்துக்கு இது நடக்குமா?

2011க்குப் பிறகு வாய்ப்பு வற்றியது உண்மை. 2014 'தெனாலிராமன்' வரை பேர் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் மேடையை மட்டும் பார்க்கிறவர்கள், அதே சமயம் தொழிலே மாறிப்போனதைக் கவனிப்பதில்லை. வடிவேலு வளர்ந்தது காமெடி டிராக்கில், அதாவது மூலக்கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடும் நகைச்சுவைப் பகுதியில். ஐந்தாறு சீன், எல்லாம் சேர்ந்து கால் மணி, இருபது நிமிஷம். பெரும்பாலான சீன்களுக்குக் கதாநாயகன் கால்ஷீட் தேவையில்லை. ஒரு தெரு, ஒரு டீக்கடை, நாலைந்து துணை நடிகர்கள் இருந்தால் சில நாளில் எடுத்து முடித்து, எடிட்டிங்கில் கதை தொய்கிற இடமாகப் பார்த்துச் செருகிவிடலாம். அதனால்தான் ஒரே வருஷத்தில் அத்தனை படங்கள் செய்ய முடிந்தது. 1991இல் 'என் ராசாவின் மனசிலே'யில் கவுண்டமணியிடம் உதை வாங்கியவர், 'வின்னர்' கைப்புள்ளையாகவும் 'தலைநகரம்' நாய் சேகராகவும் ஆனது இந்த ஏற்பாட்டில்தான்.

2010 'பாஸ் என்கிற பாஸ்கரன்', 2012 'ஒரு கல் ஒரு கண்ணாடி' இரண்டையும் பாருங்கள். சந்தானம் தனி டிராக்கில் இல்லை. முதல் சீனிலிருந்து கடைசி வரை கதாநாயகனின் தோளோடு நிற்கிறார். இந்த வேஷத்துக்கு நாயகன் வயதில், நாயகனின் கால்ஷீட்டோடு சேர்ந்து வரும் ஆள் வேண்டும். வடிவேலுவின் தொழில்முறை இதற்கு நேரெதிர்.

மிச்சமிருந்த வழி கதாநாயகன் ஆவது. அங்கேதான் கணக்குப் பிசகியது. வடிவேலு ஜெயித்தால் நமக்குச் சிரிப்பு வராது. சவடால் விட்டுவிட்டுத் தோற்கும்போதுதான் வரும். 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) ஓடியதற்குக் காரணம் இதுவே. முட்டாள் ராஜா அவமானங்களை வாங்கிக்கொண்டார், கதையை அவரே இரட்டை வேஷத்தில் நடித்த சகோதரன் உக்கிரபுத்தன் சுமந்தார். தெனாலிராமனோ எல்லோரையும் ஜெயிக்கிற புத்திசாலி. அவர் எங்கே விழுவார்? 'எலி' (2015) படத்திலும் இதே கோளாறு. இன்னொன்று, அவர் சிரிப்பில் பாதி எதிரே நிற்பவர்களுடையது. போண்டா மணி, அல்வா வாசு, முத்துக்காளை, சிங்கமுத்து என்ற அந்தக் கூட்டம் முகத்தில் சலனமே இல்லாமல் சீண்டியதால்தான் அவருடைய கதறல் எடுபட்டது. கூட்டம் கலைந்தது பெரிய நஷ்டம்; இதை யாரும் பேசுவதே இல்லை. பிறகு அடுத்த பாகமான '24ஆம் புலிகேசி' படத்தில் தயாரிப்புத் தரப்போடு தகராறு, தயாரிப்பாளர் சங்கத்தின் தடை. அது தீர 2021 ஆகஸ்ட் ஆனது.

இனி டி.வி. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற சேனல்களில் நாள் முழுக்க ஓடுகிற அந்தத் துண்டுகளுக்காக அவருக்குத் தனியாகப் பணம் போகிறது என்றா நினைக்கிறீர்கள்? படத்துக்கு வாங்கிய சம்பளத்தோடு சரி. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை உங்கள் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். எடுத்த காலத்தில் இங்கே டி.வி. கிடையாது. ஒருமுறை சம்பளம், உரிமை முழுக்கத் தயாரிப்பாளருக்கு என்ற அந்தக் காலத்து வழக்கம் இன்றும் மாறவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், 38ஏ பிரிவில், நடிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் கலைஞருக்கு ராயல்டி உண்டு என்கிறது. பாடகர்கள் சங்கம் வைத்து வசூலிக்கிறார்கள். நம் நடிகர்களிடம் அந்தப் பழக்கம் வரவேயில்லை. செட்டிநாட்டுத் திருவிழா மேடையில் வடிவேலு குரலில் பேசும் மிமிக்ரிக் கலைஞருக்கு அன்றைக்கே கூலி கிடைக்கிறது. குரலுக்குச் சொந்தக்காரருக்கு மறுஒளிபரப்பில் ஒன்றுமில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. அதோடு, பழைய வடிவேலு வீட்டில் சும்மா கிடைக்கும்போது, டிக்கெட் வாங்கி வருகிறவர் வேறொன்றை எதிர்பார்க்கிறார். 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' (2022) அதைத் தரவில்லை. 'மாமன்னன்' (2023) தந்தது.

அதில் அவர் சிரிக்க வைக்கவே இல்லை. அடங்கிப் பழகிய ஒரு எம்.எல்.ஏ. மெல்ல நிமிர்வதை நடித்தார். தியேட்டர் அவரோடு நின்றது. 'மாரீசன்' (2025) அதே திசையில் இன்னொரு அடி. டிராக் காலம் திரும்பாது. பழைய வேஷங்களைத் தூசி தட்டுவதைவிட இந்த மாதிரிப் பாத்திரங்கள்தான் அவருக்கு அடுத்த பத்து வருஷம் வேலை தரும் என்பது என் கணிப்பு.