தானே விரிசலை அடைத்துக்கொள்ளும் கான்கிரீட்டை நம் ஊர் கட்டுமானச் சந்தையில் விற்க முடியுமா?

விற்கலாம். ஆனால் வீடு கட்டுகிறவர்களிடம் முதலில் போகாதீர்கள்.

கேள்வியைப் பார்த்தால் கடைசி வருட சிவில் மாணவர் போலத் தெரிகிறது. பிராஜெக்ட் முடிந்ததும் அதையே ஸ்டார்ட்அப் ஆக்கும் யோசனை, சரிதானே? நான் காட்பாடியில் சிமென்ட், கம்பி, கட்டட கெமிக்கல் விற்கும் கடைக்காரன். விஞ்ஞானி இல்லை. அதனால் கமெண்டில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் என்பவர் பாக்டீரியா வித்துகளையும், அவற்றுக்குத் தீனியாகக் கால்சியம் லாக்டேட்டையும் கான்கிரீட்டில் கலந்து காட்டினார். விரிசல் வழியே தண்ணீர் இறங்கினால் வித்து விழித்துக்கொண்டு, தீனியைத் தின்று, கால்சியம் கார்பனேட்டை உண்டாக்கி விரிசலை மூடும். 2015ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதின் இறுதிச் சுற்று வரை போனார். அங்கே அது விற்பனைக்கும் வந்துவிட்டது. நம் கடைகளில் கிடைப்பது வேறு வகை, கிரிஸ்டலைன் பவுடர். சிமென்ட் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது ஒரு மூட்டைக்கு அரை கிலோ. ஈரம் பட்டால் உள்ளே படிகம் வளர்ந்து மெல்லிய விரிசலை அடைக்கும்.

இரண்டுக்குமே தண்ணீர் வேண்டும். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் விழும் விரிசல் வருடத்தில் பெரும்பாலான நாள் காய்ந்துதான் கிடக்கும். அங்கே இதைப் போட்டுவிட்டு அற்புதம் நடக்கும் என்று காத்திருந்தால் உங்கள் பெயர்தான் கெடும். சம்ப், ஓவர்ஹெட் டேங்க், பேஸ்மென்ட் சுவர் மாதிரி எப்போதும் ஈரம் இருக்கிற இடத்தில்தான் இதற்கு வேலை.

இனி என் கதை. வாலாஜா பக்கம் தூரத்து உறவில் ஒரு மாமா வீடு கட்டினார். சம்புக்கு மட்டுமாவது பவுடர் போடுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். "சதுரடி ரேட்டுக்கு மேல ஒரு பைசா கிடையாதுப்பா" என்றார். எலிவேஷன் டைல்ஸுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேட்காதீர்கள். கடைசியில் அத்தை சிபாரிசில் ஒத்துக்கொண்டார். சம்பில் தண்ணீர் நிரப்பியதும் பக்கத்தில் லிஃப்டுக்குத் தோண்டியிருந்த குழியில் சுவர் ஓரமாகக் கசிவு தெரிந்தது. போனில் மாமா போட்ட சத்தம் கடையில் நின்ற வாடிக்கையாளர்களுக்கே கேட்டிருக்கும். தண்ணீரை இறைக்காதீர்கள், நிரம்பியபடியே விடுங்கள் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு படிந்து கசிவு நின்றது.

சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "பவுடர்லாம் ஒண்ணும் இல்ல சார், சுண்ணாம்பு பூத்துக்கீது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமா, "தானா நிக்கிறதுக்கு எதுக்குடா பவுடர் வித்த?" என்று கல்யாண வீட்டில்கூடக் கேட்கிறார். மேஸ்திரி சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் தண்ணீரோடு சேராமல் உள்ளே மிச்சமிருக்கும் சிமென்ட், பிறகு தண்ணீர் பட்டால் வேலை செய்யும் என்பதால், சாதாரணக் கான்கிரீட்டும் மிக மெல்லிய விரிசலைத் தானே மூடும். பவுடர் அந்த எல்லையைக் கொஞ்சம் நீட்டுகிறது. வேலை செய்யாவிட்டால் நீங்கள் மோசடிக்காரர், செய்துவிட்டால் அது தானாக நடந்தது. இந்தப் பொருளை விற்பதில் உள்ள சிக்கலே இதுதான். பவுடர் போட்டது, போடாதது என இரண்டு சின்னத் தொட்டிகளைக் கட்டிக் கடை வாசலிலேயே வையுங்கள். கண்ணால் பார்த்தால்தான் காசு வெளியே வரும்.

கடுக்காயும் வெல்லமும் போட்ட சுண்ணாம்புக் காரை இருக்க இதெல்லாம் எதற்கு என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். ரோமானியக் கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்புக் கட்டிகள்தான் விரிசலை அடைக்கின்றன என்று 2023ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் காட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காரையில் கம்பி கட்டி நாலு மாடி எழுப்ப முடியாது ஐயா.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லி விற்கலாமா என்றால், உலகக் கரியமில வாயுவில் சுமார் 8 சதவீதம் சிமென்டால் வருவது உண்மைதான். கட்டடம் நீடித்து நின்றால் அந்த அளவுக்கு சிமென்ட் மிச்சம். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார், வாங்க மாட்டார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் சொல்லிப் பாருங்கள். பாலாறு கெட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதிலிருந்தே கழிவுநீர் என்றால் அவர்களுக்கு உதறல். தொட்டி கசிந்தால் கேஸ், கேஸ் என்றால் கதவடைப்பு. கூடுதல் விலையின் அர்த்தம் அவர்களுக்குப் புரியும். அமிலம் படும் தொட்டிக்கு இது மட்டும் போதாது, உள்பக்கம் கோட்டிங்கும் வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அரசு வேலையைக் கடைசியாகப் பாருங்கள். ரேட் ஷெட்யூலில், அதாவது அரசு விலைப்பட்டியலில், இல்லாத பொருளை எஸ்டிமேட்டில் எழுத எந்த இன்ஜினியருக்கும் அவ்வளவு சுலபத்தில் கை வராது.

மாணவர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். வருடா வருடம் பிராஜெக்ட் என்று பிள்ளைகள் கடைக்கு வருகிறார்கள். "அண்ணா, அண்ணா" என்று சிமென்டும் பவுடரும் சும்மா வாங்கிப் போகிறார்கள். டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் ஒரு காப்பி தருகிறோம் என்பார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், இதுவரை ஒரு தாள் வந்ததில்லை. அந்த ரிசல்ட் என்னிடம் இருந்திருந்தால் அன்று மேஸ்திரி முன்னால் எடுத்துப் போட்டிருப்பேன். அந்தப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கப்பா.