7 நாளில் 18 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ்: கிராக் போட்ட மென்பொருளால் வந்த வினை

கேள்வி: கோவையில் நானும் என் அண்ணனும் கூட்டாக ஒரு டூல் ரூம் நடத்துகிறோம். பம்ப் பாகங்களுக்கு டை, பேட்டர்ன் செய்து கொடுப்பது தொழில். எங்கள் டிசைனர் பையன் ஒரு முப்பரிமாண டிசைன் மென்பொருளை இணையத்தில் இறக்கி, கிராக் போட்டு, 3 கம்ப்யூட்டர்களில் ஏற்றிக் கொடுத்தான். 4 வருடமாக அதில்தான் வேலை நடக்கிறது. இரண்டு மாதம் முன்பு அந்தக் கம்பெனி பெயரில் ஒரு இமெயில் வந்தது. ஏமாற்று மெயில் என்று நினைத்து விட்டுவிட்டோம். இப்போது டெல்லியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 7 நாளில் 18 லட்சம் ரூபாய்க்கு 3 லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சிவில், கிரிமினல் இரண்டு வழக்கும் போடுவோம் என்கிறார்கள். கம்ப்யூட்டர்களை உடனே ஃபார்மேட் செய்துவிடச் சொல்கிறார் நண்பர் ஒருவர். இன்னொருவர் குண்டர் சட்டம் பாயும் என்று பயமுறுத்துகிறார். கைது செய்வார்களா? முழுப் பணமும் கட்டத்தான் வேண்டுமா? டிசைனர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பா? திருட்டு சி.டி. விற்கிறவனுக்கும் எங்களுக்கும் ஒரே சட்டம்தானா?

பதில்: ஃபார்மேட் செய்ய மட்டும் யாரையும் விடாதீர்கள். கிராக் போட்ட மென்பொருள் பல நேரம் உங்களுக்குத் தெரியாமலே கம்பெனி சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். எந்தக் கம்ப்யூட்டர், அதன் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் தனி எண்), ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் எண்), எந்தத் தேதிகளில் எந்தப் பதிப்பு ஓடியது என்ற விவரமெல்லாம் அவர்கள் கையில் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் நோட்டீஸ் வந்த மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தால், நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராக நிற்பது அந்தச் செயல்தான். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றமும் கூட. மென்பொருளைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். அந்த 3 ஹார்ட் டிஸ்க்குகளையும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, புது டிஸ்க் போட்டு வேலையைத் தொடருங்கள். வாடிக்கையாளர்களின் வரைபடக் கோப்புகளை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளலாம், அவை உங்கள் தொழிலுக்குரியவை.

குண்டர் சட்டம் பற்றிப் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டத்தில் 2004-இல் சேர்க்கப்பட்டது ‘வீடியோ பைரசி’. சினிமாவைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து விற்கிறவர்களைக் குறிவைத்தது அது. உங்கள் டிசைன் மென்பொருள் அதற்குள் வராது.

கைது பற்றிய கேள்விக்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். உங்கள் விஷயத்தில் இரண்டு பிரிவுகளைக் காட்டுவார்கள். மென்பொருளை ஏற்றியது நகலெடுத்தல் என்று பிரிவு 63-ஐச் சொல்வார்கள். அதில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தியதற்குப் பிரிவு 63-பி. அதில் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் அதே 3 ஆண்டு. அபராதம் இரண்டிலும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவர்களுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் 4 வருடம் அதை வைத்து பில் போட்டிருக்கிறீர்கள், அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

பிரிவு 63 ஜாமீனில் விடத்தக்க குற்றமா என்பதில் உயர்நீதிமன்றங்கள் பல வருடம் ஆளுக்கொன்றாகத் தீர்ப்பளித்து வந்தன. 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்சநீதிமன்றம் அதை முடித்துவைத்தது: போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அதே தர்க்கம் 63-பி-க்கும் பொருந்தும் என்றுதான் எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்டால் உடனே கைது என்று அர்த்தமில்லை. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைப்பதுதான் வழக்கமாக இருக்க வேண்டும், கைது செய்தால் காரணம் எழுத வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35-இல் அந்த நோட்டீஸ் முறை இருக்கிறது. புகார் பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் அதே சட்டத்தின் பிரிவு 482-இன் கீழ் முன்ஜாமீன் கேட்கலாம். நோட்டீஸ் மட்டும் வந்திருக்கும் இப்போதே அதற்கு ஓட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பெரும்பாலும் இந்தக் கம்பெனிகள் தேர்ந்தெடுப்பது சிவில் வழக்கைத்தான், அதையும் டெல்லியில். உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கி, ஒரு வழக்கறிஞர் ஆணையரை அனுப்பி, பட்டறையில் உள்ள கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்க வைக்கும் உத்தரவுகள் அங்கே சகஜம். கதவைத் தட்டினால் தகராறு செய்யாதீர்கள், உத்தரவின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். ‘கோவையில் நடந்ததற்கு டெல்லியில் எப்படி?’ என்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62 வழக்குப் போடுகிறவரின் ஊரிலேயே போட இடம் தருகிறது. 2015-இல் உச்சநீதிமன்றம் இதை ஓரளவு கட்டுப்படுத்தியது. சம்பவம் நடந்த ஊரில் அவர்களுக்குக் கிளை இருந்தால் அங்கேதான் போட வேண்டும். அவர்களுக்குக் கோவையில் கிளை இருக்கிறதா என்று விசாரித்து வையுங்கள். பேரத்தில் உதவும்.

பேரம் என்று சொல்லிவிட்டேன், அதுதான் உங்கள் முன்னால் இருக்கும் நிஜமான வழி. அந்த 18 லட்சம் சட்டம் நிர்ணயித்த தொகை இல்லை. அமெரிக்காவில் இருப்பதுபோல ஒரு படைப்புக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்ற பட்டியல் நம் சட்டத்தில் கிடையாது. வழக்குப் போட்டால் நஷ்டத்தை அவர்கள் நிரூபிக்க வேண்டும். இழப்பீடு கேட்பதற்கு மீறல் நடந்த நாளிலிருந்து 3 ஆண்டு காலவரம்பும் உண்டு. எனவே 4 வருடக் கணக்கு அப்படியே செல்லாது. 3 கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் வேலை நடந்ததா, உங்களுக்கு நிஜமாகத் தேவை எத்தனை லைசென்ஸ், அவர்கள் விலை போட்டிருப்பது உயர்ந்த தொகுப்புக்கா என்று பாருங்கள். பட்டறைக்குத் தேவையே இல்லாத கூடுதல் வசதிகளைச் சேர்த்து விலையை ஏற்றியிருக்கலாம்.

உங்கள் வக்கீல் மூலம் 7 நாளுக்குள் ஒரு சின்னப் பதில் அனுப்புங்கள். எதையும் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், பச்சையாக மறுக்கவும் வேண்டாம். பொய் மறுப்பு பின்னால் கழுத்தை நெரிக்கும். ‘எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று மேலே எழுதி, நோட்டீஸ் அனுப்பியவருக்குக் கம்பெனி கொடுத்த அதிகாரக் கடிதத்தையும், எந்தக் கம்ப்யூட்டரில் எந்தத் தேதியில் என்ற விவரத்தையும் கேளுங்கள். அப்புறம், இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பயந்துபோய் உள்ளூர் டீலரிடம் அவசரமாக லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். அது இனிமேல் பயன்படுத்துவதற்கு மட்டும்தான் அனுமதி, பழைய 4 வருடத்துக்கு இல்லை. பணம் போகும், நோட்டீஸ் அப்படியே நிற்கும். பழைய பயன்பாடு குறித்து இனி எந்த சிவில், கிரிமினல் நடவடிக்கையும் இல்லை என்று கம்பெனியே எழுதிக் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். பணத்தை ஜி.எஸ்.டி. பில்லோடு வங்கி மூலமே கொடுங்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போடப் பிரிவு 60 இருக்கிறதே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் மேல் வந்த மிரட்டலுக்கு ஆதாரம் இருக்கிறது.

கல்லூரி மாணவர் பதிப்பைப் போட்டு ஓட்டலாமா என்ற யோசனை அடுத்து வரும். இலவசமாக வந்த மாணவர் லைசென்ஸில் தொழில் செய்வது ஒப்பந்த மீறல், நாளைக்கு அதற்கும் ஒரு நோட்டீஸ் வரும். ஃப்ரீகேட் போன்ற திறந்த மூலநிரல் மென்பொருளில் பேட்டர்ன் வேலை எவ்வளவு முடிகிறது என்று பார்த்துவிட்டு, மீதிக்கு ஒரு லைசென்ஸ் வாங்கினால் போதுமா என்று கணக்குப் போடுங்கள்.

ஒரே சட்டமா என்று கேட்டீர்கள். பிரிவுகள் வேறு, மேல்வரம்பு ஒன்றே. சி.டி. அச்சடித்து விற்கிறவனும், அதை வாங்கி ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டுகிற பட்டறைக்காரனும் 3 ஆண்டு என்ற ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். 63-பி 1994 திருத்தத்தில் வந்தது. 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்தியச் சட்டங்களில் 183 விதிகளைத் தளர்த்தியபோதும் 63, 63-பி இரண்டும் தப்பித்துக்கொண்டன. நகல் விற்கிறவன், கிராக் தயாரிக்கிறவன், கம்ப்யூட்டரோடு திருட்டு மென்பொருளை ஏற்றி விற்கிற கடைக்காரன் ஆகியோருக்குச் சிறை இருக்கட்டும். பயன்படுத்தியவர் முதல் நோட்டீஸுக்குப் பின் குறித்த காலத்தில் லைசென்ஸ் வாங்கி, நியாயமான ஒரு தொகையும் கட்டினால் கிரிமினல் வழக்கு கூடாது என்று எழுதிவிடலாம். கனடா 2012-இல் வணிக மீறலுக்கு ஒரு இழப்பீட்டு அளவும், வணிகமல்லாததற்கு மிகக் குறைந்த வேறொரு அளவும் சட்டத்திலேயே வைத்தது. தொகை முன்கூட்டியே தெரிந்தால் 18 லட்சம் என்று ஒரு எண்ணை எழுதி பயமுறுத்துவது குறையும்.

பாதுகாப்புக் காலமும் விசித்திரம்தான். இலக்கியப் படைப்பு என்பதால் எழுதியவர் ஆயுளும் அதன் பின் 60 ஆண்டும். 1995-இல் ஒருவர் எழுதிய நிரல், அவர் 2050 வரை வாழ்ந்தால், 2110 வரை பதிப்புரிமையில் இருக்கும். அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர் அன்றைக்கு மியூசியத்தில்கூடக் கிடைக்குமா தெரியாது. ஆனால் இதில் நம் கை ஓரளவு கட்டப்பட்டிருக்கிறது. கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பாதுகாக்க வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம். நமக்கு நாமே கூட்டிக்கொண்ட கடைசி 10 ஆண்டை வேண்டுமானால் குறைக்கலாம், அதற்குக் கீழே போக முடியாது. சீர்திருத்தம் கேட்கிறவர்கள் காப்பியடிப்பதை நியாயப்படுத்துகிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். திருட்டு நகலால் அடிவாங்குகிறவர்களில் நம்மூரில் தமிழ் எழுத்துரு செய்தவர்களும், கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறவர்களும் உண்டு. டெல்லிக்குப் போய் வழக்கு நடத்த அவர்களுக்கு வசதியில்லை.

கடைசியாக டிசைனர் விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 69-இன்படி கூட்டு நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டேன் என்று அவரே நிரூபித்தால்தான் தப்ப முடியும். 4 வருடம் லைசென்ஸ் பில் ஒன்றுகூட இல்லாத கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது கடினம். அந்தப் பையனை வேலையை விட்டு அனுப்பவோ, சம்பளத்தில் பிடிக்கவோ இப்போது யோசிக்காதீர்கள். எந்தக் கம்ப்யூட்டரில் எப்போது எதை ஏற்றினான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான், கோபத்தோடு வெளியே போனால் அந்த விவரத்தை எதிர்த்தரப்புக்குச் சொல்லவும் அவனால் முடியும்.