எஸ்போசிட்டோ என்ற இத்தாலியக் குடும்பப் பெயருக்கு 'தூக்கி எறியப்பட்டவர்' என்றுதான் அர்த்தமா?

இல்லை. 'வெளியே வைக்கப்பட்டவர்' என்பதுதான் சரி. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

'எக்ஸ்போசிட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தை கிடைத்தால் பதிவேட்டில் அப்படித்தான் குறிப்பார்கள். நாளடைவில் அந்தக் குறிப்பே குடும்பப் பெயராகிவிட்டது.

நேப்பிள்ஸில் அன்னுன்சியாத்தா தேவாலயத்தோடு சேர்ந்த குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்தது. அதன் தெருச்சுவரில் ஒரு திறப்பு. அதற்குள் சுழலும் மர உருளை. குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகத்தை உள்ளே இருப்பவர்கள் பார்க்க முடியாது. 1875-இல்தான் அந்தத் திறப்பை மூடினார்கள். அங்கே வளர்ந்தவர்களை ஊரார் 'மாதாவின் பிள்ளைகள்' என்றார்கள். எறியப்பட்டதாக நினைத்திருந்தால் அப்படி அழைத்திருப்பார்களா?

புளோரன்ஸில் இதே போன்ற இன்னொசென்டி இல்லத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வந்து சேர்ந்த முதல் குழந்தை ஒரு பெண். வந்த நாள் 1445 பிப்ரவரி 5, புனித ஆகத்தா திருநாள். அதனால் ஆகத்தா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்தார்கள். அந்த அருங்காட்சியகத்தில் நான் வெகுநேரம் நின்றது சின்னச் சின்ன இழுப்பறைகளுக்கு முன்னால்தான். குழந்தைகளோடு விட்டுப்போன பொருட்கள் அவற்றில் இருக்கின்றன: பாசிமணி, சிலுவை, துணித்துண்டு, அப்புறம் சரிபாதியாக வெட்டிய பதக்கங்கள். மறுபாதி தாயிடம் இருக்கும். என்றைக்காவது திரும்பி வந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்து 'இது என் பிள்ளை' என்று சொல்லலாம். வறுமையோ ஊர்ப்பேச்சோ விரட்டியிருக்கலாம். ஆனால் பாதிப் பதக்கத்தைக் குழந்தையின் துணியில் முடிந்துவிட்டுப் போனவள் அதை எறிந்தவள் இல்லை.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். புளோரன்ஸ் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இன்னொசென்டி, அதாவது 'மாசற்றவர்கள்'. மிலானில் இத்தகைய குழந்தைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால் கொலொம்போ. (கொலொம்போ என்ற பெயர் உள்ள எல்லோருமே இப்படி வந்தவர்கள் அல்ல. புறா வளர்த்தவர்களுக்கும் அந்தப் பெயர் உண்டு.) ரோம் பக்கம் ப்ரொயெத்தி, நீங்கள் கேள்விப்பட்ட 'எறியப்பட்டவர்' என்ற பொருள் உண்மையில் இந்தப் பெயருக்குத்தான் பொருந்தும்.

பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் இத்தகைய பெயர்களைப் புதிதாகச் சூட்டக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டில் தடை வந்தது. ஆனால் ஏற்கெனவே எஸ்போசிட்டோ ஆனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகிவிட்டார்கள். இன்று நேப்பிள்ஸில் மிக அதிகமானோருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அதுதான்.