கள்ளுக்கடையை நடத்தியது யார்?

நம் ஆட்களும் குடியும் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

அங்கிள், இந்தியன் என்றாலே குடிகாரன் என்று வேலையிடத்தில் கிண்டல் செய்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது? (ஈசூன்)

கள்ளுக்கடையிலிருந்து. ஆனால் அந்தக் கடைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் நிர்வாகி ஃபார்குவார் 1820இலேயே அபினும் சாராயமும் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, அந்தக் காசில் நிர்வாகத்தை ஓட்டினார். பிறகு மலாயாத் தோட்டங்களில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வந்தது. கூலி வாங்கிய கை வீட்டுக்குப் போவதற்குள் காலி. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. கேட்டது வெள்ளைக்கார துரை இல்லை, நம் ஆட்கள்தான்.

இங்கே சிங்கப்பூரில் 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் கள்ளை எதிர்த்துப் பேசியது. அதே 1932இல்தான் டைகர் பீர் வந்தது. கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் குடித்தால் அது நாகரிகம், பாருங்கள்.

கள் எப்படி இருக்கும் அங்கிள்? நான் பார்த்ததே இல்லை. (செங்காங்)

காலையில் இறக்கியது இனிக்கும், மத்தியானம் சுள்ளென்று ஏறும், சாயங்காலம் புளிக்கும். மறுநாள் காடிதான். அதனால் அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே விற்றாக வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா, நுரையில் மிதக்கும் எறும்பை ஊதித் தள்ளிவிட்டுத் தகரக் குவளையைக் காலி செய்வாராம். பாட்டி சொன்னது. சொல்லும்போது அவர் சிரித்ததில்லை.

ஔவையாரே குடித்தாராமே? (உட்லண்ட்ஸ்)

ஆமாம். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே என்று இறந்துபோன அதியமானை நினைத்து அழுகிறார், புறநானூற்றில். அதே தமிழில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்து ஒரு பீர் குடிக்கலாமா? (துவாஸ்)

கூடாது தம்பி. தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்குப் பிறகு சட்டம் வந்து, 2015 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. தீவு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. தேக்காவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுத் தடை. மீறினால் அபராதம். உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம், ஆனால் பில்லைப் பார்த்தால் இறங்கிவிடும். கொண்டோவில் பால்கனி வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. எனக்கு அதுதான் உறுத்தல்.

ஜொகூரிலிருந்து ஒரே ஒரு பாட்டில்? (பெயர் வேண்டாமாம்)

மலேசியாவிலிருந்து வந்தால் மதுவுக்கு வரிவிலக்கே இல்லை. ஒன்றானாலும் வரி கட்டுங்கள்.

ஐயா, என் கணவர் தினமும் குடிக்கிறார். கேட்டால், ஆம்பளை என்றால் அப்படித்தான் என்கிறார் மாமியார். (ஜூரோங்)

அம்மா, பாட்டிலை ஒளித்து வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். ரொம்ப நாளாக நிறையக் குடிப்பவர் திடீரென்று விட்டால் கை நடுங்கும், வலிப்புகூட வரலாம். முதலில் பக்கத்து பாலிகிளினிக்கில் டாக்டரிடம் பேசுங்கள். மனநலக் கழகத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் கேட்கட்டும்.